செய்த வேலையை மறைக்காதீர்கள்

மலாக்கா, புக்கிட் லிந்தாங்கில் 1896-ஆம் ஆண்டு டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். அதன் பின் பெருகிய ரப்பர் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலருக்குக் கங்காணியின் வாய்ச்சொல்லே வேலை வாங்கித் தந்தது. செக்ரோலில் பெயர் ஏறினால் போதும்.

இன்று பத்து பெரண்டாம் தொழிற்சாலையிலோ ஆயர் குரோ அலுவலகத்திலோ நமக்காகப் பேசக் கங்காணி இல்லை. தெரிந்தவர் யாரும் இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்காகப் பேசுவது தன்விவரக் குறிப்பு ஒன்றுதான். அதனால்தான் அதை ஏனோதானோவென்று எழுதக்கூடாது என்கிறேன்.

ஜாசின், அலோர் காஜா வட்டார மாணவர்கள் என்னிடம் காட்டும் குறிப்புகளில் 'கடின உழைப்பாளி', 'பொறுப்பானவர்' என்ற சொற்கள் தவறாமல் இருக்கின்றன. ஆனால், பேச்சுக் கொடுத்தால்தான் மற்றவை வெளிவருகின்றன. ஒருவர் விடுமுறையில் ஒட்டுக்கடையில் கல்லாவைக் கவனித்திருப்பார். இன்னொருவர் கோயில் திருவிழாவில் அன்னதானப் பொறுப்பை ஏற்றிருப்பார். ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "அதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார்கள்.

வேலைதான். 'பொறுப்பானவர்' என்று யாரும் எழுதலாம். 'ஆண்டிறுதி விடுமுறையில் 6 வாரம் உணவகக் கல்லாவில் பணி. தினமும் வசூலைச் சரிபார்த்து ஒப்படைத்தேன்' என்பதை அந்த வேலையைச் செய்தவர் மட்டுமே எழுத முடியும். எங்கே, எவ்வளவு காலம், என்ன செய்தீர்கள் என்ற மூன்றும் இருக்கட்டும். செய்யாததைச் சேர்க்காதீர்கள், நேர்முகத் தேர்வின் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

மொழிகளையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றில் எதில் பேச முடியும், எதில் கடிதம் எழுத முடியும் என்று சொல்லுங்கள். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்திருந்தால் அந்தத் தேர்ச்சியையும் சேருங்கள்.

புதிதாக வேலை தேடுபவருக்கு ஒரு பக்கம் போதும். அண்மைய கல்வித் தகுதி முதலில் வரட்டும். விளம்பரத்தில் கேட்ட திறன் உங்களிடம் இருந்தால் அதை மேலே கொண்டு வாருங்கள். ஒரே குறிப்பை எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்பாதீர்கள். பரிந்துரைப்பவராக உறவினரைப் போடாமல், ஆசிரியர், விரிவுரையாளர் அல்லது முன்னாள் முதலாளியின் பெயரை அவர் அனுமதியோடு கொடுங்கள். அடையாள அட்டையின் 12 எண்களைக் குறிப்பில் எழுத வேண்டாம். முதல் 6 எண்களே பிறந்த தேதியைக் காட்டிவிடும். வேலை உறுதியான பின் கொடுத்தால் போதும்.

பெர்கேசோவின் மைபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் வேலை தேடுவோர் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். அதற்கு முன் ஒரு தாளை எடுத்து, பள்ளியிலும் வீட்டிலும் கோயிலிலும் இதுவரை நீங்கள் செய்த வேலைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். விண்ணப்பத்துக்குத் தேவையானவற்றை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.