அச்சாணி கழன்றால் தேர் ஓடாது



நம் கடைத்தெருக்களில் மின்சார வண்டிகள் பெருகி வருகின்றன. சரக்கு ஏற்றும் வேன் முதல் வீட்டுப் பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கும் கார் வரை மின்சாரத்தில் ஓடுகின்றன. டீசல் செலவு மிச்சம், புகை இல்லை, சத்தம் இல்லை என்பதெல்லாம் உண்மை. இதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வாங்கப் போகிற வணிகர் டீலரிடம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பெரிய பேட்டரிக்கு எத்தனை ஆண்டு வாரண்டி? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. சின்ன பேட்டரி எங்கே இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு? இதை நம்மில் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் வரும் நஷ்டத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

மின்சார காரில் பேட்டரி ஒன்று அல்ல, இரண்டு. சக்கரத்தைச் சுழற்றுவது சுமார் 300 வோல்ட், 400 வோல்ட் கொண்ட பெரிய பேட்டரி. அதோடு, பெட்ரோல் காரில் இருப்பது போலவே 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. விளக்கு, ஹாரன், வைப்பர், கதவுப் பூட்டு, வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இந்தச் சின்ன பேட்டரியை நம்பியே இருக்கின்றன. இன்னும் முக்கியமான வேலை ஒன்றும் அதற்கு உண்டு. வண்டியை நிறுத்தியதும் பாதுகாப்புக்காகப் பெரிய பேட்டரியின் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. மறுபடி அந்த இணைப்பைப் போடுவதற்கு 12 வோல்ட் வேண்டும். சின்னது செத்துவிட்டால் பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை. கிட்டங்கி நிறையச் சரக்கு இருந்து சாவி தொலைந்தால் என்ன கதியோ, அதே கதிதான். பல வண்டிகளில் சார்ஜ் ஒயரைச் செருகினாலும் ஏறாது. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை.

பெட்ரோல், டீசல் வண்டியிலும் பேட்டரி இறங்குவது உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டுதான். ஆனால் அங்கே பேட்டரி தளரும்போது செல்ஃப் எடுக்கும் சத்தமே மாறிவிடும். டிரைவர் காதால் கேட்டுத் தெரிந்துகொள்வார். மின்சார வண்டியில் செல்ஃப் மோட்டாரே கிடையாது. நேற்று வரை சத்தமில்லாமல் கிளம்பிய வண்டி இன்று சத்தமில்லாமல் நின்றுவிடும். ஆகவே காதுக்குப் பதில் கண்ணைத்தான் நம்ப வேண்டும். எச்சரிக்கை விளக்கு வைத்திருப்பது அதற்காகவே.

அந்த விளக்குகளின் நிறத்தை டிரைவரும் முதலாளியும் அறிந்திருக்க வேண்டும். மஞ்சள் என்றால் தவணை நெருங்குகிறது என்று பொருள். சீக்கிரம் காட்டிச் சரிசெய்ய வேண்டும். சிவப்பு என்றால் கடன்காரர் வாசலுக்கே வந்துவிட்டார் என்று பொருள். கூட்டல், கழித்தல் குறி போட்ட சிவப்பு பேட்டரிப் படம் ஓடும்போது எரிந்தால், பெரிய பேட்டரியிலிருந்து சின்னதுக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று கொள்ள வேண்டும். மிச்சம் இருப்பதைக் கொண்டுதான் வண்டி ஓடுகிறது. பாதுகாப்பாக ஓரம் கட்டி சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதே சரி. சில வேளைகளில் பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் என்று ஏழெட்டு விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும். அத்தனையும் பழுது என்று பயந்து பெரிய செலவுக்குத் தலையாட்ட வேண்டாம். வோல்ட் குறைந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பி இப்படிக் காட்டுவது உண்டு. முதலில் 12 வோல்ட் பேட்டரியைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஈயப் பேட்டரியாக இருந்தால், ஓய்ந்திருக்கும்போது மீட்டரில் சுமார் 12.6 காட்டினால் நிறைவு. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. வண்டி ஆனில் இருக்கும்போது பொதுவாக 13-க்கு மேல் காட்ட வேண்டும்.

இது மெக்கானிக் கடையில் பேசிக்கொள்ளும் கதை அல்ல. 2024 ஜூனில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. அடுத்த மாதம் கியா நிறுவனம் 1,138 இவி6 கார்களை அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாய், ஜெனிசிஸ் கார்கள் 1,45,235 அழைக்கப்பட்டன. காரணம் ஒன்றுதான். சார்ஜ் ஏற்றுவதைக் கவனிக்கும் கருவி பழுதானால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். ஓடும்போதே வண்டி சக்தி இழக்கக்கூடும். நிறுவனங்கள் வெளிப்படையாக அறிவித்து இலவசமாகச் சரிசெய்தது பாராட்டத்தக்கது. ஆனால் இத்தனை பெரிய நிறுவனங்களுக்கே இந்தச் சின்ன பேட்டரி தலைவலி என்றால், காய்கறியும் பாலும் ஏற்றிக்கொண்டு முகூர்த்த நாளில் கிளம்பும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! வண்டி ஒரு காலை நின்றால் கெட்டுப்போவது சரக்கு மட்டுமல்ல, வாடிக்கையாளரிடம் நாம் கொடுத்த வாக்கும்தான்.

இன்னொன்றையும் வணிகர்கள் மறக்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கடையின் பெயரில் வண்டி வாங்கினால் நுகர்வோர் மன்றத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். வழக்கை நம்பி இருப்பதைவிட, வாங்கும் நாளிலேயே எழுத்தில் பெறுவது மேல்.

ஆகவே நம் சங்கம் டீலர்களிடம் மூன்று கோரிக்கைகளை வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஒன்று, 12 வோல்ட் பேட்டரியின் வகை, தயாரான மாதம், வாரண்டிக் காலம் ஆகியவற்றைப் பில்லில் எழுதித் தர வேண்டும். சில கார்களில் ஈயத்துக்குப் பதில் லித்தியம் வைக்கிறார்கள். கடையில் கிடைத்ததை மாற்றிப் போட முடியாது. இரண்டு, எச்சரிக்கை விளக்குகளின் படமும் பொருளும் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். மூன்று, மாற்று பேட்டரி தாலுகா ஊர்களிலும் கிடைக்க வேண்டும்.

நம் பங்குக்கும் சில உண்டு. நாள்கணக்கில் வண்டியை நிறுத்திவிட்டு வெளியூர் போகுமுன் கம்பெனிப் புத்தகம் சொல்வதைக் கேட்க வேண்டும். கேமரா, விளக்கு என்று கண்டதை ஒயரிங்கில் சேர்க்கக் கூடாது. ஆரஞ்சு நிற ஒயரை ஊர் மெக்கானிக் தொட விடவே கூடாது; அதில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்சாரம்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்றார்கள் பெரியோர். தேரின் விலையைப் பேசும்போதே அச்சாணியையும் பேசி முடிப்பதுதான் வியாபாரிக்கு அழகு.