‘விசர்’ என்னும் ஒரு சொல் போதாது



காய்ச்சல், தடிமன், சலரோகம் என்று உடல் நோய் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கும் எம்மவர், உள்ளம் நோயுற்றால் பெரும்பாலும் ஒரே சொல்லையே கையாளுகின்றனர். அச்சொல் ‘விசர்’. அது தம்மீது விழுந்துவிடுமோ என்று அஞ்சியே இளையோர் பலர் வாய் திறவாதிருக்கின்றனர்.

ஊரில் ஆசிரியப் பணி புரிந்த நாளிலும், ஏதிலியராய் இந்நாடு வந்து மவுண்ட் ரோஸ்கிலில் தமிழ் கற்பிக்கும் இந்நாளிலும் இவ்வச்சத்தை நாம் கண்டுள்ளோம். இங்கு வளரும் பிள்ளைகளுக்கு இன்னுமோர் இடர் உண்டு. தம் மனத்துயரை அவர்கள் ஆங்கிலத்திலேயே அறிவர். பாடசாலையில் கற்ற ‘டிப்ரெஷன்’ என்னும் சொல், வீட்டு வாசலைத் தாண்டியதும் சோம்பல் என்றோ விசர் என்றோ பொருள்கொள்ளப்படுகிறது. ஆதலால் பிள்ளை பேசாது விடுகிறது.

தமிழில் வேறு சொற்கள் இல்லையா? உண்டு. போர் நடந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் அவற்றைப் பயன்படுத்தினர். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் ‘மனவடு’ என்னும் நூலைத் தமிழில் எழுதினார். சாந்திகம் என்னும் நிலையம் அங்கு உளவளத்துணைப் பணி ஆற்றியது. குண்டு விழுந்த மண்ணில் இழுக்கெனக் கருதப்படாத பணி, ஒக்லாந்தில் எங்ஙனம் இழுக்காகும்?

இரண்டு சொற்களை இங்கு விளக்குவோம். இரு வாரங்களுக்கு மேலாக மனம் வாடி, விரும்பிய விளையாட்டிலும் நாட்டமின்றி, உறக்கமும் பசியும் மாறி நிற்பது மனச்சோர்வாக இருக்கலாம். காரணத்துக்கு மிஞ்சிய அச்சத்தால் நெஞ்சு படபடத்து, பாடசாலைக்குச் செல்லவும் இயலாது தவிப்பது பதகளிப்பாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

“குப்பி விளக்கிலும் பங்கருக்குள்ளும் இருந்து படித்தோம், உனக்கு என்ன குறை?” என்று பெற்றோர் சிலர் கேட்பர். அவர்கள் பட்ட துன்பம் உண்மையே. ஆயினும் துயரம் தராசில் நிறுக்கும் பண்டமன்று. அவ்வினாவைக் கேட்ட பிள்ளை, அடுத்த முறை தன் துயரை மறைக்கவே கற்றுக்கொள்ளும்.

மாணவர்களே, மனச்சோர்வு வலியோரையும் விடுவதில்லை. 1987இல் உலகக் கிண்ணம் வென்ற ஓல் பிளாக்ஸ் அணி வீரர் ஜோன் கேர்வன், தமக்கு அந்நோய் இருந்ததை நாடறியக் கூறினார். அதனால் அவர் மதிப்பு உயர்ந்ததேயன்றித் தாழவில்லை.

உதவி பெறும் வழிகள் அருகிலேயே உள்ளன. இடைநிலைப் பாடசாலைகளில் உளவளத்துணையாளர் இருக்கின்றனர். உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து இருந்தாலன்றி, நீங்கள் கூறுவதை அவர்கள் பிறரிடம் வெளியிடார். 1737 என்னும் எண்ணுக்கு 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உயிராபத்து எனின் உடனே 111ஐ அழையுங்கள்.

பெற்றோரே, குடும்ப வைத்தியரிடம் செல்லும்போது பிள்ளையையே மொழிபெயர்க்கச் செய்யாதீர்கள். தன் துயரையோ தாயின் துயரையோ பிள்ளை தானே எடுத்துரைப்பது பெருஞ்சுமை. தேவையான இடத்தில், இயன்றவரை, தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை 1996ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைக் கோவை உங்களுக்கு அளிக்கிறது. தயங்காது கேளுங்கள். போரின் வடுவை நெஞ்சில் சுமக்கும் பெற்றோருக்கும் இவ்வழிகள் உரியனவே.

ஆத்திசூடியும் திருக்குறளும் கற்பிக்கும் எமது வகுப்புகளில் மனச்சோர்வு, பதகளிப்பு, உளவளத்துணை என்னும் சொற்களும் இடம்பெறல் வேண்டும் என்பது எமது கருத்து. வீட்டிலே, புள்ளிகளைப் பற்றி வினவுமுன், “மனம் எப்படி இருக்கிறது?” என்று ஒருமுறை தமிழில் கேளுங்கள். விடை வரச் சில நாட்கள் ஆகலாம். பொறுத்திருந்து, குறுக்கிடாது செவிமடுங்கள்.