பிஹெச்.டி இயற்பியல், வேலை உயிரியல் லேப்ல... உங்ககிட்ட என்ன எதிர்பார்க்கிறாங்க?

இயற்பியல்ல பிஹெச்.டி முடிச்சுட்டு, உயிரியல் ஆய்வகத்துல போஸ்ட்டாக் வேலைக்கு விண்ணப்பிக்கப் போறீங்களா? 'எனக்கு உயிரியல் தெரியாதே'னு தயங்க வேண்டாம். அது தெரிஞ்சவங்க அங்கே ஏற்கெனவே இருக்காங்க. அவங்ககிட்ட இல்லாத எது உங்ககிட்ட இருக்குனுதான் பார்ப்பாங்க.

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் இயங்கும் 'ஹியூமன் ஃபிரான்டியர் சயின்ஸ் புரோகிராம்', இயற்பியல், வேதியியல், கணிதம், பொறியியல் படித்தவர்கள் உயிரியலுக்கு வருவதற்கென்றே தனி ஃபெல்லோஷிப் தருகிறது. பழைய ஆய்வையே நீட்டிக்கும் திட்டத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஆனால் பலரும் 'பைத்தான் தெரியும், மைக்ராஸ்கோப் தெரியும்' என்று பட்டியல் போட்டு அனுப்புகிறார்கள். அந்த லேப் திணறிக்கொண்டிருக்கும் எந்தக் கேள்விக்கு அது உதவும் என்று இரண்டு வரி எழுதுங்கள். வேறு துறைக்காரரோடு சேர்ந்து வேலை பார்த்திருந்தால், பரிந்துரைக் கடிதம் அவரிடமும் வாங்குங்கள்.

சிக்கல் அதன்பிறகுதான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 1976-ல் இயற்பியலில் பிஹெச்.டி முடித்து, மறுபடி மாணவராக உயிரியல் படித்து, யேல் பல்கலைக்கழகத்தில் ரைபோசோம் ஆய்வில் போஸ்ட்டாக் செய்தவர். பிறகு சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. 2009-ல் அவருக்கு நோபல் கிடைத்தது, அதுவும் வேதியியலில்! அதனால நேர்காணல்ல நீங்களும் ஒரு கேள்வி கேளுங்க: 'இங்கே இதுக்கு முன்னாடி இருந்த போஸ்ட்டாக்குகள் இப்போ எந்தத் துறையில, என்ன வேலையில இருக்காங்க?'