கப்பல்தளத்தை மறந்த ஜெட் புராணம்

விமானந்தாங்கிக் கப்பல்களைப் பற்றி எழுதுகிறவர்களும் ஆவணப்படம் எடுக்கிறவர்களும் வழிவழியாக ஒரு கதையைச் சொல்லிவருகிறார்கள். 1945 டிசம்பர் 3 அன்று பிரிட்டிஷ் விமானி எரிக் பிரவுன் 'ஓஷன்' கப்பலில் சீ வேம்பயர் ஜெட்டைக் கொண்டுவந்து இறக்கினாராம், அன்றோடு பிஸ்டன் விமானங்களின் கதை முடிந்ததாம், வேகம் வென்றதாம். தேதியும் பெயரும் சரி. மிச்சமெல்லாம் புராணம்.

பிரவுன் அசாத்தியமான விமானி என்பதில் சந்தேகமே இல்லை. வாழ்நாளில் 2,407 முறை கப்பல்தளத்தில் இறங்கியவர். அப்படிப்பட்டவர் ஒருநாள் இறங்கிக் காட்டியதை வைத்து, நேற்றுப் பயிற்சி முடித்த இளைஞனும் அலையில் ஆடும் தளத்தில் தினந்தோறும் இறங்கிவிடுவான் என்று முடிவுகட்டலாமா? அந்த வேம்பயரே கப்பல்களின் முன்னணிப் போர்ப்படையில் சேரவில்லை. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் முன்னணி ஜெட் ஸ்குவாட்ரன் 1951 ஆகஸ்டில்தான் உருவானது. அதற்குக் கிடைத்த 'அட்டாக்கர்' ஜெட்டுக்குப் பழைய பிஸ்டன் விமானங்களைப் போல வாலடியில் சக்கரம்!

அமெரிக்கர்கள் மட்டும் என்ன கிழித்துவிட்டார்கள்? 1950 ஜூலை 3 அன்று 'வேலி ஃபோர்ஜ்' கப்பலிலிருந்து பேந்தர் ஜெட்டுகள் கொரியப் போருக்குக் கிளம்பின. நவம்பரில் ஒரு பேந்தர் மிக்-15 ஒன்றை வீழ்த்தியது. அதைச் சொல்கிறவர்கள், பேந்தர் மிக்கைவிட மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் மெதுவானது என்பதைச் சொல்வதில்லை. மெதுவாக வந்து தளத்தில் இறங்க வேண்டுமே என்பதற்காக அதற்கு நேர் இறக்கை வைத்திருந்தார்கள். அந்தப் போரில் ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்திய ஒரே அமெரிக்கக் கடற்படை விமானி கை போர்டெலான். அவர் ஓட்டியது ஜெட் அல்ல, கோர்சேர் என்ற பிஸ்டன் விமானம். இரவில் தாழ்வாக ஊர்ந்துவந்த வடகொரிய விமானங்களை ஜெட்டுகளால் மடக்க முடியாமல்போனபோது, 'பிரின்ஸ்டன்' கப்பலிலிருந்து அவரைத்தான் கரைக்கு அனுப்பினார்கள்.

சிக்கல் எங்கே இருந்தது என்று பார்ப்போம். அன்றைய தளம் நேரானது. பின்பக்கம் குறுக்கே கம்பிகள், நடுவில் தடுப்பு, அதற்கப்பால் நிறுத்திவைத்த விமானங்கள், அவற்றைச் சுற்றி ஆட்கள். கையில் மட்டைகளோடு நிற்கும் அதிகாரி சைகை காட்டியதும் விமானி எஞ்சினை அடக்குவார். விமானம் தொப்பென்று விழும். வாலிலுள்ள கொக்கி கம்பியைப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் தடுப்பில் மோதல். தடுப்பையும் தாண்டினால் படுகொலை. பிஸ்டன் விமானத்துக்கு ஒரு வசதி உண்டு: இறங்குமுன் ஏதோ சரியில்லை என்று பட்டால், விசையைத் தள்ளியதும் புரொப்பெல்லர் காற்றை வாரி இறக்கைமேல் அடித்துத் தூக்கிவிடும். ஆரம்பகால ஜெட் எஞ்சினோ, விசையைத் தள்ளினாலும் வேகம் பிடிக்கப் பல நொடிகள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கு வேகத்தின் பக்தர்கள் கண்ட பரிகாரம், சக்கரத்தையே கழற்றிவிடுவது. எடை குறையும், வேகம் கூடும். விமானம் வயிற்றால் வந்து ரப்பர் தளத்தில் விழட்டும் என்றார்கள். 1948 நவம்பரில் 'வாரியர்' கப்பலில் பிரவுன் அப்படியும் இறங்கினார். சரி, இறங்கிய பிறகு? சக்கரமில்லாத விமானத்தைக் கிரேன் வைத்துத்தான் நகர்த்த வேண்டும். அடுத்த விமானம் எரிபொருள் தீரத் தீர வானில் சுற்ற வேண்டியதுதான்.

1951 ஆகஸ்டில் இந்த ரப்பர் தளத்தைப் பற்றிப் பேசக் கூடியபோதுதான் கேப்டன் டென்னிஸ் கேம்பெல் வேறொன்றைச் சொன்னார்: இறங்கும் பாதையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்துவிட்டால் என்ன? லூயிஸ் போடிங்டன் அதற்குப் பொறியியல் வடிவம் கொடுத்தார். பாதை சாய்ந்துவிட்டால் எதிரே தடுப்புமில்லை, நிறுத்திய விமானமுமில்லை, கடல்தான். எஞ்சினை அடக்கவே வேண்டாம். வேகமாகச் சுழலவிட்டே இறங்கலாம். கொக்கி தவறினால் அப்படியே மேலெழும்பிச் சுற்றிவரலாம். எஞ்சினின் மந்தத்தை எஞ்சினில் கைவைக்காமலே தீர்த்துவிட்டார்கள். 1952இல் 'ட்ரையம்ஃப்' கப்பலில் நடந்த முதல் சோதனைக்கு ஆன வேலை, தளத்தில் சாய்வாகக் கோடு வரைந்தது. கம்பிகூடக் கட்டவில்லை, விமானங்கள் தளத்தைத் தொட்டுவிட்டுப் பறந்தன.

சரியான சாய்வில் இறங்க விமானிக்கு வழிகாட்டும் தன் கண்ணாடி யோசனையை நிக்கலஸ் குட்ஹார்ட் விளக்கிய விதம் இன்னும் எளிது. மேசைமேல் முகம் பார்க்கும் கண்ணாடி, அதில் லிப்ஸ்டிக்கால் ஒரு கோடு, பக்கத்தில் டார்ச். வெளிச்சப் புள்ளி கோட்டைவிட்டு நகராமல் பார்த்துக்கொண்டே நடந்து வந்தால், சரியான சாய்வில் மேசையில் வந்து முகம் முட்டும். மட்டை அதிகாரியின் கண்ணை நம்பிய காலம் அதோடு போயிற்று. கனத்த ஜெட்டுகளை வானில் எறிய, கப்பலின் கொதிகலன் நீராவியையே பயன்படுத்தும் கேட்டபுல்டைக் கொண்டுவந்தவர் காலின் மிட்செல்.

எஞ்சின் பலம்தானே எல்லாம் என்று இன்னும் வாதாடுகிறவர்கள், மெக்டொனல் 'டீமன்' விமானத்தின் கதையைப் படிக்கட்டும். வரப்போகும் வெஸ்டிங்ஹவுஸ் ஜெ-40 எஞ்சினை நம்பி உருவான விமானம் அது. எஞ்சின் காலை வாரிவிட்டது. கட்டிமுடித்த விமானங்களில் சில பறக்கவே இல்லை; செயின்ட் லூயிஸிலிருந்து மிசிசிப்பி ஆற்றில் படகேறிப் போயின.

நம் 'விக்ராந்த்' 1961இல் படையில் சேர்ந்தபோது சாய்தளம், நீராவிக் கேட்டபுல்ட், கண்ணாடி மூன்றும் பெல்ஃபாஸ்டிலேயே பொருத்தப்பட்டிருந்தன. அதன் சீ ஹாக் ஜெட்டுகளின் மூல வடிவம் 1947இல் பறந்தது. சமதளப் பறப்பில் ஒலி வேகத்தை எட்டாத ரகம். 1971 வங்கதேசப் போர் வந்தபோது கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்று விரிசல் கண்டிருந்தது. ஆனாலும் டிசம்பர் 4 அன்று அந்த ஜெட்டுகள்தான் அந்தத் தளத்திலிருந்து எழும்பி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.