மொய்யையே நோட்டில் எழுதுகிறோம்... வேலைக்கு எழுதக் கூடாதா?



வீட்டிலிருந்தபடியே தொழில் என்றதும் தையல், ஊறுகாய், டியூஷன், அழகு நிலையம் என்றுதான் எல்லாருக்கும் நினைவு வரும். நான் செய்வது கொஞ்சம் வேறு மாதிரி. ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டு மாடி அறையில் சின்னதாக ஒரு ஆடியோ - வீடியோ ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து எடுப்பதில்லை. கம்பெனிகளுக்கு மட்டும்தான். மோட்டார் பம்ப் செய்கிறவர்களுக்கு, பம்பை எப்படி மாட்டுவது என்று ஒரு விளக்கப் படம். கிரைண்டர் கம்பெனிக்கு ஒரு செய்முறைப் படம். பஞ்சாலைக்கு, வடமாநிலத் தொழிலாளர்கள் பார்ப்பதற்காக இந்தியில் ஒரு பாதுகாப்புப் படம். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், "தமிழில் தொடர எண் ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு குரல் கேட்குமே... அதுவும் எங்கள் வேலைதான்.

இந்த ஒன்பது வருஷ அனுபவத்தில் சகோதரிகளிடம் அழுத்தமாகச் சொல்ல நினைப்பது ஒரே விஷயம். எழுத்தில் இல்லாமல் எந்த வேலையையும் தொடாதீர்கள்! அதே எழுத்தை, உங்களுக்கு வேலை செய்து தருகிற பெண்களுக்கும் கொடுங்கள்!

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "நமக்குள்ள என்னக்கா பேப்பர்?" என்பார்கள். வயதில் பெரியவராக இருந்தால், "ஏனுங்க அம்மணி, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று முகத்தைச் சுருக்குவார்கள். அக்கா, அம்மணி, தங்கச்சி என்று அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆள், டவுனில் ஆண்கள் நடத்துகிற ஸ்டூடியோவுக்குப் போனால் கொட்டேஷன் கேட்கிறார், கையெழுத்துப் போடுகிறார், முன்பணம் கட்டுகிறார். அங்கே 'சார்', இங்கே 'அக்கா'. உறவு சொல்லிக் கூப்பிட்டதும் கூலி பாதியாகிவிட வேண்டுமா? என்ன நியாயம் இது?

எங்கள் வேலையின் பாடு வெளியே தெரியாது. மூன்று நிமிடப் படம்தானே என்பார்கள். அந்த மூன்று நிமிடத்துக்குப் பின்னால் எழுத ஒரு நாள், படம் பிடிக்க ஒரு நாள், வெட்டி ஒட்ட இரண்டு நாள் இருக்கிறது. தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் வைத்தால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். ஆகவே கம்பெனிக்காரர் எழுதித் தருகிற நாலு பக்கத்தைச் சாரம் கெடாமல் ஒரு பக்கமாக ஆக்க வேண்டும். குரல் பதிவு செய்யும்போது ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். (ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்துவிடாமல் இருக்க, ஸ்கூட்டர் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். சாவியை எடுக்கப் போகும்போது ஞாபகம் வந்துவிடும்!) சுவரில் பழைய ஜமுக்காளமும் மெத்தையும் தொங்கும், எதிரொலி வராமல் இருக்க. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கும், சித்திரை மாசக் குயிலுக்கும் பயந்து பல நாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பதிவு செய்திருக்கிறோம்.

ஃபேக்டரிக்குள் படம் பிடிப்பது இன்னொரு கதை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அங்கே எரிகிற சில விளக்குகள் அந்தக் கணக்கில் விட்டு விட்டு எரியும். நம் கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால்தான் அது அடங்கும். இதெல்லாம் தெரிந்துகொள்ளவே எனக்குப் பல மாசம் ஆனது. "சும்மா கேமராவைக் காட்டுறீங்க, அவ்வளவுதானே?" என்று கேட்கிறவர்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது!

நகைக்கடையில் பணம் கட்டாமல் வளையலைப் போட்டுக்கொண்டு வெளியே வர முடியுமா? எங்கள் வேலை அப்படி இல்லை. படத்தை ஒரு தடவை போனுக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது. திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் எழுத்து எங்களுக்கு உயிர்.

தொழில் ஆரம்பித்த நாளிலேயே இதை எனக்குச் சொன்னவர் என் மாமியார். அவர் தவணைக்குச் சேலை விற்றவர். ஐந்தாவது வரைதான் படிப்பு. ஆனால் யார் எத்தனை ரூபாய் கொடுத்தார்கள், எத்தனை பாக்கி என்று நீள நோட்டில் எழுதி, எதிரிலேயே ஒரு கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுவார். "எழுதாத கடனுக்கு அழுதாத் தீருமா?" என்பார். அந்த வார்த்தையைத்தான் நான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதினால் உறவு கெட்டுவிடும் என்பது சுத்தப் பொய். சொந்தத் தாய்மாமன் வைக்கிற மொய்யையே வாசலில் மேஜை போட்டு, மைக்கில் சொல்லி, நோட்டில் எழுதுகிறோம். யாராவது கோபித்துக்கொண்டு போகிறார்களா? எழுதாமல் விட்டால்தான் சண்டையே! பால் கணக்கைக் காலண்டரில் குறிக்கிறோம். அயர்ன்காரரிடம் துணி எண்ணிக் கொடுத்து நோட்டில் போடுகிறோம். சீட்டுக் கணக்கை மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். இத்தனை கணக்கு எழுதுகிற கைக்குத் தன் உழைப்பின் கணக்கை எழுத மட்டும் ஏன் வெட்கம்?

என்னுடைய பேப்பர் ஒரே பக்கம்தான். தமிழில்தான் இருக்கும். என்ன படம், எத்தனை நிமிடம், எந்த மொழி, எப்போது தருவேன். மொத்தத் தொகை எவ்வளவு; பாதி முன்பணம். கதை வசனத்துக்கு அவர்கள் ஒப்புதல் கொடுத்த பிறகே படப்பிடிப்பு. படம் முடிந்ததும் இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடச் சொன்னால், உரியவரிடம் அனுமதி வாங்குவது அவர்கள் பொறுப்பு. கடைசியாக, வெட்டாத மூலப் பதிவு யாருக்கு என்பது. இது முக்கியம். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் சொல்கிறது. நமக்கு வேறு ஏதாவது வேண்டுமென்றால் முன்னாலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

2023-இல் ஒரு கம்பெனிக்குப் படம் செய்தேன். பெயர் வேண்டாம். வசனத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், படத்துக்கும் கொடுத்தார்கள். பிறகு "சின்னத் திருத்தம்" என்று ஆறு தடவை. ஏழாவது தடவை, "லோகோவை மாத்திட்டோம், மொதல்ல இருந்து மாத்திக் குடுங்க" என்றார்கள். பேப்பரைக் காட்டினேன். முதலாளி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பொம்பளைங்ககிட்ட வேலையக் குடுத்தா அனுசரிச்சுப் போவாங்கன்னு நெனச்சேன்!"

எத்தனை வீட்டில், எத்தனை ஆபீசில் நாம் கேட்ட வார்த்தை இது! அனுசரிப்பு என்பது நம் குணம். அதை யாரும் தள்ளுபடிக் கூப்பனாக நினைத்துவிடக் கூடாது. மீதிப் பணம் வரவில்லை. நான் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. மாதம் ஒரு கடிதம் அனுப்பினேன், பில் நகலோடு. 2024 மார்ச் கடைசியில் அவர்கள் ஆடிட்டர் ஆபீசிலிருந்தே போன் வந்தது. "மேடம், உங்க உத்யம் நம்பர் குடுங்க, உடனே பணம் போட்டுடறோம்!"

இந்த மாயம் எப்படி நடந்தது என்று சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டும். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு 2006-இல் ஒரு சட்டம் வந்தது. நம் வேலையை ஏற்றுக்கொண்ட கம்பெனி, ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு எப்படியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. 2023-24 நிதி வருஷத்திலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது. குறு, சிறு தொழிலுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத கம்பெனி, பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் அதைச் செலவாகக் கழித்து வரிக் கணக்கு காட்ட முடியும். அதனால்தான் மார்ச் மாதம் ஆடிட்டருக்கே நம் ஞாபகம் வந்தது!

இந்தப் பாதுகாப்பு கிடைக்க 'உத்யம்' பதிவு வேண்டும். 2020 ஜூலை முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. அரசின் இணையதளத்தில் ஆதார் எண் கொடுத்து நாமே செய்துகொள்ளலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. "பதிவு பண்ணித் தர்றேன், ரெண்டாயிரம் குடுங்க" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். வேலை எடுப்பதற்கு முன்பே பதிவை முடித்து, பில்லில் அந்த எண்ணை அச்சடித்துவிடுங்கள்.

இனி, நாணயத்தின் மறுபக்கம். எனக்குக் குரல் கொடுப்பவர்கள் எல்லாரும் நம்மைப் போல இல்லத்தரசிகள்தான். அதில் ஒருவர் அடுத்த தெருவில் இருக்கிற அக்கா, முன்னாள் டீச்சர். உச்சரிப்பு மணி மாதிரி இருக்கும். அவர் வீட்டுக்காரரே, "சும்மா படிச்சுட்டு வர்றதுக்குக் காசா?" என்று சிரிப்பாராம். எந்தக் கம்பெனிக்கு, எதற்காக, எத்தனை வருஷத்துக்கு என்று அந்த அக்காவுக்கும் நான் எழுதித்தான் தருகிறேன். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

சமீபத்தில் ஒரு கம்பெனியிலிருந்து மேனேஜர் தம்பி வந்தார். "அந்த அம்மா குரலை ஒரு மணி நேரம் பதிவு பண்ணிக் குடுங்கக்கா. அப்புறம் கம்ப்யூட்டரே அவங்க மாதிரி பேசிக்கும். ஒவ்வொரு தடவையும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்" என்றார். அதற்கு மூவாயிரம் ரூபாய்! அக்காவை நேரில் வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன். முடிவு அவருடையது அல்லவா? அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "நான் இல்லாத எடத்துல என் குரல் என்ன பேசும்னு எனக்குத் தெரியாதே தம்பி?" அந்தத் தம்பியிடம் பதில் இல்லை. வேலையும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பரவாயில்லை.

பெரிய இடத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 'லால் சலாம்' (2024) படப் பாட்டுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைக் கம்ப்யூட்டர் மூலம் கொண்டுவந்தார் ஏ.ஆர். ரஹ்மான். அவர்கள் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய ஊதியமும் கொடுத்ததாக அவரே சொன்னார். இறந்தவர் குரலுக்கே அனுமதியும் கூலியும் உண்டென்றால், உயிரோடு இருக்கிற நம் அக்காவின் குரலுக்கு இல்லையா? கம்பெனியிடம் நான் கேட்கிற நியாயத்தை, எனக்குப் படித்துக் கொடுக்கிற பெண்ணுக்கு நானே மறுத்தால் எனக்கும் அந்த முதலாளிக்கும் என்ன வித்தியாசம்?

"பேப்பர் நீட்டினா வர்ற வேலையும் போயிடுமே" என்று சிலர் கேட்பீர்கள். போகும். எனக்கும் சிலர் போயிருக்கிறார்கள். ஆனால் ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட யோசிக்கிறவர், பணம் போட எவ்வளவு யோசிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்டவர்கள்தான் வருஷா வருஷம் திரும்ப வருகிறார்கள். சொந்தக்காரர் கம்பெனி, காசு வாங்க மனசில்லையா? தாராளமாக இலவசமாகச் செய்யுங்கள். ஆனால் முழுத் தொகையை எழுதி, அதன் கீழே 'அன்பளிப்பு' என்று போட்டுக் கழித்துக் கொடுங்கள். நாம் கொடுத்தது எவ்வளவு என்று அவருக்கும் தெரியட்டும், நமக்கும் தெரியட்டும்.

தையலோ, சமையலோ, கேக்கோ, கோலப் பயிற்சியோ... நீங்கள் எது செய்தாலும் சரி. நாளைக்கு வருகிற முதல் ஆர்டருக்கு ஒரு தாளை எடுத்து நாலு வரி எழுதுங்கள். என்ன வேலை, எவ்வளவு பணம், எப்போது, எத்தனை திருத்தம். சிரித்த முகத்தோடு நீட்டுங்கள். "நமக்குள்ள என்னக்கா பேப்பர்?" என்றால், "நமக்குள்ளங்கறதாலதான் தம்பி பேப்பர்" என்று சொல்லுங்கள்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, கோவை.