அமெரிக்காவில் ட்ரக் ஓட்டினால் வருஷம் 1.4 கோடியா? ஒரு அரசு மருத்துவரின் நீள் பதிவு



"அமெரிக்காவுல வண்டி ஓட்டுறவங்களுக்கு வருஷத்துக்கு 1.4 கோடி ரூபாயாமே டாக்டர்?" 2023-ல் வந்த இந்தச் செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் சுத்திக்கிட்டே இருக்கு. இப்போ அங்கே குடும்பத்தோடு செட்டிலாகி, கிரீன் கார்டும் வாங்கி, ஐ.டி. வேலை போன சொந்தக்காரத் தம்பி ஒருத்தர், "அண்ணே, ட்ரக் லைசென்ஸ் எடுத்துரலாமான்னு பார்க்குறேன். உடம்பு தாங்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க.

முதலில் அந்த 1.4 கோடி எங்கிருந்து வந்தது?

யு.பி.எஸ். நிறுவனத்துக்கும் டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கத்துக்கும் 2023-ல் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அது முடியும் காலத்தில் ஒரு முழுநேர டிரைவருக்குச் சராசரியாக 1,70,000 டாலர் போகும் என்று நிறுவனத்தின் தலைமை அதிகாரி சொன்னார். அதைத்தான் ரூபாயில் பெருக்கிப் போட்டுவிட்டார்கள்.

அது கையில் வாங்குற சம்பளம் மட்டும் இல்லை. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியத்துக்குக் கட்டுற பணம் எல்லாம் சேர்ந்தது. அதுவும் பெரும்பாலும் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற டிரைவர்களுக்கு. புதுசா டிரைவர் ஆகிறவர் உச்ச சம்பளத்தைத் தொடவே நாலு வருஷம் ஆகும்.

செய்தியைப் பார்த்த எல்லோரும் சம்பளத்தைப் பார்த்தார்கள். டாக்டரா எனக்குக் கண்ணில் பட்டது அந்தக் காப்பீடும் ஓய்வூதியமும்தான்.

காரணம் இருக்கு. அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் 2010-ல் நெடுந்தூர ட்ரக் டிரைவர்களிடம் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பத்தில் ஏழு பேருக்கு உடல் பருமன். பாதிப் பேர் புகைபிடிப்பவர்கள். 38 சதவீதம் பேருக்கு மருத்துவக் காப்பீடே இல்லை. நம்ம ஊர் மாதிரி அங்கே ஜி.ஹெச். ஓ.பி. கிடையாது. காப்பீடு இல்லைன்னா, பிரஷருக்கு மாத்திரை எழுதி வாங்குறதே பெரிய பாடு.

அதனால் என் கருத்தை இங்கேயே சொல்லிடுறேன். ட்ரக் வேலைக்குப் போகிறவர் வண்டி என்ன மாடல், மைலுக்கு எத்தனை சென்ட் என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, எந்த ஒப்பந்தத்தின் கீழ் ஓட்டப் போகிறோம் என்பதை. டிரைவரோட தூக்கமும் பிரஷரும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கு.

எப்படின்னு பார்ப்போம்.

அங்கே நெடுந்தூர டிரைவர்களுக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில் சம்பளம். சக்கரம் சுத்தினால் காசு. கிடங்கு வாசலில் லோடு இறக்க மூணு மணி நேரம் காத்துக் கிடந்தால், பல கம்பெனிகளில் ஒண்ணுமே கிடையாது, இல்லைன்னா ஏதோ கொஞ்சம்.

ஓவர்டைம் கேட்கலாமேன்னா, அதுக்கும் வழியில்லை. வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி என்று 1938-லேயே அங்கே சட்டம் வந்தாச்சு. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஓட்டும் டிரைவர்களுக்கு அதில் விலக்கு. இன்று வரைக்கும் அப்படித்தான்.

இன்னொரு பக்கம் கடிகாரம். 10 மணி நேரம் ஓய்வு எடுத்த பிறகு, டூட்டி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டுமே ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டிவிட்டால் அரை மணி நேரம் நிறுத்தியே ஆகணும். நல்ல விதிதான். வண்டியில் இருக்கும் மின்னணுக் கருவி எல்லாத்தையும் பதிவு செய்துவிடும்.

ஆனால் கிடங்கு வாசலில் நிற்கும்போதும் அந்த 14 மணி நேரம் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். காசும் இல்லை, நேரமும் போச்சு. கிளம்பினவுடன் மனுஷன் என்ன செய்வார்? ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவு 2018-ல் கணக்குப் போட்டுச் சொன்னது: சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம் கூடினால், விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும். வெறும் கால் மணி நேரம்!

இங்கேதான் சங்கம் வருது.

சங்கம் இருக்கும் சரக்கு நிறுவனங்களில், காத்து நிற்கும் நேரத்துக்கும் வண்டி பழுதாகி நிற்கும் நேரத்துக்கும் என்ன கூலி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். நகருக்குள் ஓட்டுபவருக்கு மணிக் கணக்கில் சம்பளம், ஓவர்டைம் உண்டு. சட்டம் விட்ட ஓட்டையை ஒப்பந்தம் அடைக்குது.

டீம்ஸ்டர் என்றால் குதிரை பூட்டி வண்டி ஓட்டுபவர் என்று அர்த்தம். நம்ம ஊர் மாட்டுவண்டிக்காரர்கள் மாதிரி. 1903-ல் ஆரம்பித்த சங்கம். சின்னத்தில் இன்னும் இரண்டு குதிரைத் தலை இருக்கும். 1964-ல் ஜிம்மி ஹோஃபா தலைமையில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவர்களுக்கு நாடு முழுக்க ஒரே ஒப்பந்தம் வாங்கினார்கள். 1980-ல் ட்ரக் தொழிலில் அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். புதுக் கம்பெனிகள் பெருகின, போட்டி கூடியது, சங்கத்தின் பிடி தளர்ந்தது.

இன்று நெடுந்தூர லாரிகளில் சங்கம் அரிது. ஆனால் பல வாடிக்கையாளர்களின் சரக்கை ஒரே வண்டியில் சேர்த்து அனுப்பும் கம்பெனிகளில் சிலவற்றில் இருக்கு. நம்ம ஊர் லாரி பார்சல் சர்வீஸ் மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஏ.பி.எஃப். ஃபிரைட் அப்படி ஒன்று.

இதில் எப்படி நுழைவது?

மாநிலம் தாண்டி ஓட்ட 21 வயது ஆகணும். கிளாஸ் ஏ வணிக லைசென்ஸ் வேணும். 2022 பிப்ரவரியிலிருந்து, அரசுப் பதிவேட்டில் உள்ள பயிற்சி மையத்தில் படித்தால்தான் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கே போக முடியும். அபாயகரமான சரக்கு ஏற்றவும், இரட்டை டிரெய்லர் இழுக்கவும் தனி அனுமதி உண்டு. பார்சல் கம்பெனிக்குப் போகணும்னா அந்த இரண்டையும் சேர்த்தே எடுத்துடுங்க.

அடுத்து என் ஏரியா. மருத்துவத் தகுதி.

👉 பதிவு பெற்ற பரிசோதகர் கொடுக்கும் சான்றிதழ் அதிகபட்சம் இரண்டு வருஷம்தான் செல்லும். பிரஷர் அதிகம் இருந்தால் காலத்தைக் குறைத்துவிடுவார்கள்.

👉 சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறீர்களா? பயப்பட வேண்டாம். 2018-ல் விதியை மாற்றிவிட்டார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கு என்று உங்கள் மருத்துவர் படிவத்தில் எழுதிக் கொடுத்தால், பரிசோதகர் பார்த்து முடிவு செய்வார்.

👉 பெரிய குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் மறைக்காதீங்க. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். சிகிச்சை எடுத்துக்கிட்டு தாராளமா ஓட்டலாம்.

👉 கஞ்சா சில மாநிலங்களில் சட்டப்படி செல்லும். ஆனால் டிரைவருக்குச் செல்லாது. பரிசோதனையில் சிக்கினால் நாடு முழுக்கப் பார்க்கும் பதிவேட்டில் ஏறிவிடும்.

சரி, வேலைக்குச் சேர்ந்தாச்சு. இனிமேல்தான் கஷ்டமான பகுதி.

சங்கக் கம்பெனியில் எல்லாமே சீனியாரிட்டி. எந்த ரூட், எந்த ஷிப்ட், எப்போ லீவு என்று மூத்தவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம்தான் புதியவருக்கு. ஆரம்பத்தில் நிரந்தர ரூட் கிடைக்காது. போன் வந்தால் கிளம்பணும், ராத்திரி லைன். சில நாள் ஓட்ட வண்டி இல்லாமல் கிடங்கில் லோடு ஏற்றி இறக்கணும்.

சங்கத்தை ஆதரிக்கிறவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். முதல் சில வருஷம் புதியவரின் உடம்பு கொடுக்கும் விலை அதிகம். இரவு ஷிப்ட் வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் வகைப்படுத்தியது. 2019-லும் அதை உறுதி செய்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், மூளையின் வேகம் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கும். இந்தியாவில் குடித்துவிட்டு ஓட்டும் வழக்குக்கு 0.03 போதும். ஒரு சொட்டுகூட குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டிடுறோம்!

நாங்களும் 24 மணி நேர டூட்டி பார்த்து வந்தவர்கள்தான். விடியற்காலை நாலு மணிக்குக் கண் எப்படிச் சொருகும்னு தெரியும். எங்கள் கையில் பேனா இருந்தது. அவர் கையில் 36 டன் வண்டி.

அப்புறம் ஏன் சங்கக் கம்பெனியைச் சொல்கிறேன்? அங்கே அந்தக் கஷ்டத்துக்கு ஒரு முடிவு இருக்கு. வரிசை நகரும். பத்து வருஷத்தில் பகல் ரூட், வீட்டுச் சாப்பாடு, நல்ல காப்பீடு. மைல் கணக்குக் கம்பெனியில் பத்தாவது வருஷமும் முதல் வருஷம் மாதிரியே இருக்கலாம்.

இன்னொன்று, "முடியாது" என்று சொல்லும் உரிமை. உடம்பு சரியில்லை, தூக்கம் வருது என்றால் ஓட்டக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கு. ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க முடியுமா?

2009 ஜனவரியில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு டிரைவர். டிரெய்லர் பிரேக் பனியில் உறைந்துவிட்டது. கேபின் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர். கால் மரத்துப் போச்சு. காத்திரு என்றது கம்பெனி. அவர் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு உயிர் பிழைத்தார். வேலையை விட்டுத் தூக்கினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தபோது வருஷம் 2016.

சட்டத்தில் நியாயம் கிடைக்க ஏழு வருஷம். சங்கம் இருக்கும் இடத்தில், சரியான காரணமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால், குறைதீர்ப்பு முறையில் சங்கமே எடுத்துப் பேசும். விசாரணைக்குக் கூப்பிட்டால், சங்கப் பிரதிநிதி கூட இருக்கணும் என்று கேட்கும் உரிமை 1975-லிருந்து இருக்கு. உடம்பு முடியாத நேரத்தில் மனுஷனுக்குத் தேவை இந்தத் துணைதான்.

சங்கம் இருந்தால் எல்லாம் பத்திரமா? இல்லை. யெல்லோ என்ற பழைய பெரிய நிறுவனம் 2023 ஜூலை கடைசியில் வண்டிகளை நிறுத்தி, ஆகஸ்டில் திவால் மனு போட்டது. சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு. அதில் ஏறக்குறைய 22,000 பேர் டீம்ஸ்டர்கள். இருபது வருஷ சீனியாரிட்டி ஒரே நாளில் காணாமல் போச்சு. வேறு கம்பெனிக்குப் போனால் மறுபடி கடைசி ஆள்தான். சங்கமே இல்லாத பார்சல் கம்பெனிகளிலும் நல்ல சம்பளம் கொடுப்பவை உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் தம்பி கேட்க வேண்டிய கேள்விகள்:

✅ சக்கரம் சுத்தாத நேரத்துக்குக் கூலி உண்டா?
✅ மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியிலிருந்து? குடும்பத்துக்கும் உண்டா?
✅ "தூக்கம் வருது, ஓட்ட மாட்டேன்" என்றால் அடுத்த நாள் என்ன நடக்கும்?
✅ கம்பெனியின் நிதி நிலைமை எப்படி?

"வண்டியை உங்க பேர்லயே தவணையில தர்றோம், நீங்கதான் முதலாளி" என்று பேசினால் உஷார். தவணை, டீசல், ரிப்பேர் எல்லாம் உங்கள் தலையில் விழும்.

இங்கிருந்து போக நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை. வணிக ட்ரக் டிரைவர்களுக்கான வேலை விசா வழங்குவதை 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நிறுத்தி வைத்தது. "விசா வாங்கித் தர்றேன்" என்று பணம் கேட்கும் ஏஜெண்டை நம்பி நிலத்தை அடகு வைக்காதீங்க.

கடைசியா நம்ம ஊர் கதை. என் ஓ.பி.க்கு வரும் லாரி டிரைவர்களிடம் "நேரத்துக்குச் சாப்பிடுங்க, எட்டு மணி நேரம் தூங்குங்க, மாசம் ஒரு தடவை வந்து மாத்திரை வாங்குங்க" என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும், அதில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. லைனுக்குப் போனால் வர இருபது நாள் ஆகும். நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் 1961-லேயே எழுதி வைத்தார்கள். எழுதினதைக் கேட்டு வாங்க அவருக்குப் பின்னால் ஆள் இல்லை.

இனி ஒரு டிரைவரைப் பார்த்தால், "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா" என்று கேட்கிற நம்ம டாக்டர்கள், "எத்தனை மணி நேரம் ஓட்டுறீங்க, காத்திருப்புக்குக் காசு தர்றாங்களா" என்றும் கேட்டுப் பாருங்க. பிரஷர் ஏன் குறையலைன்னு பாதி நேரம் அந்தப் பதிலிலேயே தெரிஞ்சுடும்.

உங்க வீட்டில் டிரைவர் இருந்தால், அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்க.