கோப்புக்குள் பக்கம் இல்லை

வீட்டில் விண்டோஸ் கணினி, கல்லூரியில் லினக்ஸ், நண்பரிடம் மேக். ஒரே ஆவணம் இந்த மூன்றுக்கும் இடையே போய்வரும்போது மூன்று விதமான தொல்லைகள் வருகின்றன. சில நேரம் கோப்பு திறக்கவே மறுக்கிறது. சில நேரம் திறக்கிறது, ஆனால் பத்துப் பக்கம் பதினொன்றாகியிருக்கிறது. அட்டவணை ஓரத்தைத் தாண்டி நிற்கிறது. இன்னும் சில நேரம் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடக்கிறது. மூன்றையும் நாம் "ஃபைல் ஓப்பன் ஆகவில்லை" என்றே சொல்கிறோம். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

முதலில் இயங்குதளத்தின் மீதுள்ள பழியை இறக்கிவைக்கலாம். கோப்பு என்பது கணினியைப் பொறுத்தவரை எண்களின் வரிசை. பென் டிரைவில் போனாலும் மின்னஞ்சலில் போனாலும் அந்த வரிசை மாறுவதில்லை. போய்ச் சேரும் இடத்தில் இரண்டு பொருள்கள் மட்டும் வேறாக இருக்கக்கூடும்: அந்த எண்களைப் படிக்கத் தெரிந்த மென்பொருள், எழுத்துகளை வரைந்து காட்டும் எழுத்துரு. குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

அடுத்து, கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பது. நாம் திரையில் பார்க்கும் பக்கம் அதற்குள் அப்படியே இருப்பதாக நினைக்கிறோம். அது அங்கே இல்லை. உள்ளே இருப்பவை வாசகமும் அதைப் பற்றிய குறிப்புகளும்: இந்த வரி தலைப்பு, எழுத்தின் அளவு 14, இடது ஓரம் இத்தனை, இந்த இடத்தில் அட்டவணை. தையற்காரர் நோட்டில் எழுதிவைத்த அளவுகளைப் போன்றவை இவை. அதே நோட்டைக் கொண்டு வேறொரு தையற்காரர் தைத்தால் சட்டை வரும். கை கொஞ்சம் நீளலாம். சொற்செயலி, அதாவது ஆவணம் எழுதும் மென்பொருள், கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குறிப்புகளைப் படித்துப் பக்கத்தைப் புதிதாகக் கட்டுகிறது.

அந்தக் குறிப்புகளை எந்த ஒழுங்கில் எழுதிவைப்பது என்ற ஏற்பாட்டுக்குக் கோப்பு வடிவம் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் வேர்டின் பழைய டாக் வடிவம், நினைவகம் குறைவாகவும் வட்டு மெதுவாகவும் இருந்த காலத்துக்காக அமைந்தது. வேகமாகப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். பிறர் படிப்பது பற்றிய கவலை அதில் குறைவு. அதன் முழு விவரத்தை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் வெளியிட்டது 2008இல்தான். அதற்கு முன் ஓப்பன் ஆபீஸ் போன்ற மென்பொருள்களைச் செய்தவர்கள் பெரும்பகுதியைக் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். அப்படியும் அவை பெரும்பாலான டாக் கோப்புகளைத் திறந்தன என்பது சாதாரண வேலையல்ல.

ஆபீஸ் 2007உடன் வந்த டாக்எக்ஸ் வேறு மாதிரி. அது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே சில அடைவுகள் இருக்கும். ஒன்றில் படங்கள், ஒன்றில் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் உங்கள் வாசகம். மனிதர் கண்ணுக்கும் ஓரளவு புரியும். (ஜிப் கோப்புகள் எல்லாம் பி, கே என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். அந்த முறையை உருவாக்கிய பில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை.) லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளின் சொந்த வடிவமான ஓடிஎஃப்பும் இதேபோல ஜிப்புக்குள் வைத்த எக்ஸ்எம்எல்தான். அது 2006இல் ஐஎஸ்ஓவின் பன்னாட்டுத் தரமாயிற்று. டாக்எக்ஸின் அடிப்படை வடிவம் 2008இல் ஆயிற்று.

மேக்கின் சொற்செயலியான பேஜஸின் கதை வேறு. அதன் கோப்பையும் ஜிப்பாகத் திறக்கலாம். ஆனால் வாசகம் ஆப்பிளுக்கே உரிய முறையில் சுருக்கப்பட்டிருக்கும். வேர்டுக்கு அதைப் படிக்கத் தெரியாது. கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை டாக் என்று மாற்றிவைப்பதால் பயனில்லை. பெயர் மாறும், உள்ளிருப்பது மாறாது. அனுப்பியவரிடம் வேர்டு வடிவத்தில் ஏற்றுமதி செய்து தரச் சொல்வதும், ஐகிளவுட் தளத்தில் ஏற்றி அங்கிருந்து மாற்றிக்கொள்வதும்தான் நேர்வழி. எதிர்மாறான அனுபவமும் உண்டு: டாக் என்று பெயர் தாங்கிய கோப்பு உள்ளே ஆர்டிஎஃப் என்ற வேறொரு வடிவமாகவோ வலைப்பக்கமாகவோ இருக்கும். "கோப்பு கெட்டுவிட்டது" என்று ஒரு மென்பொருள் சொன்னால் இன்னொன்றில் திறந்து பார்ப்பது வீண்வேலையல்ல.

வடிவத்தின் விவரம் வெளியான பிறகும் பக்கம் ஏன் மாறுகிறது? டாக்எக்ஸின் விவரக்குறிப்பு பல ஆயிரம் பக்கம். அதில் பழங்காலமும் சேர்ந்தே வந்தது. 2006இல் வந்த முதல் பதிப்பில் வேர்டு 95 போல இடைவெளி விடு, வேர்டு 6 போல வரியை மடி என்ற பொருளில் சில கட்டளைகள் இருந்தன. வேர்டு 95 எப்படி இடைவெளி விட்டது என்பதை அது விளக்கவில்லை. பிறகு ஐஎஸ்ஓ பதிப்பில் அவற்றைத் தனிப்பகுதிக்கு ஒதுக்கி விளக்கமும் சேர்த்தார்கள். அப்படியும், எழுத்தில் வராத நடைமுறைகளை வேர்டு மட்டுமே முழுதாக அறியும்.

ஆனால் பக்கம் குலைவதற்கு மிகச் சாதாரணமான காரணம் எழுத்துரு. வேர்டு ஆவணம் பலவும் காலிப்ரியில் இருக்கும். அது லினக்ஸில் இராது. சொற்செயலி வேறொன்றை எடுத்துக்கொள்ளும். அதன் எழுத்துகள் மயிரிழை அகலமானாலும் வரியின் கடைசிச் சொல் கீழே இறங்கும். பத்தி ஒரு வரி நீளும். படம் அடுத்த பக்கம் போகும். இதற்காகவே அளவொத்த எழுத்துருக்களைச் செய்திருக்கிறார்கள்: தோற்றம் வேறு, ஒவ்வொரு எழுத்தின் அகலமும் ஒன்று. காலிப்ரிக்குக் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப். இவை லிப்ரே ஆபீஸோடு சேர்ந்தே வருகின்றன. விண்டோஸின் தமிழ் எழுத்துருக்களுக்கு இப்படி அளவொத்த ஜோடி அமையவில்லை. அவற்றுள் ஒன்றான லதாவில் அமைத்த கடிதம் லினக்ஸில் நோட்டோவிலோ லோகித்திலோ விரியும். வரிகள் இடம் மாறும். வாசகம் மட்டும் பத்திரமாக இருக்கும்.

வாசகமே பத்திரமாக இல்லாத மூன்றாவது தொல்லைதான் தமிழர்களுக்கு மிகப் பழக்கமானது. கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை. எழுத்துக்குரிய எண்ணைச் சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு குறியாக்கம். இன்று உலகம் முழுதும் வழங்கும் யூனிகோடு குறியாக்கத்தில் 'த'வுக்கு எண் 2980. பாமினி எழுத்துருவில் அதே 'த'வின் எண் 106. ஆனால் 106 என்பது ஆங்கில 'ஜே'யின் எண். பாமினியைச் செய்தவர்கள் 'ஜே' இருக்கவேண்டிய இடத்தில் 'த'வின் படத்தை வைத்தார்கள். யூனிகோடு பரவாத காலத்தில் தமிழை அச்சிட அது கெட்டிக்கார வழி. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடத்தும் நம் ஊர் டிடிபி கடைகளிலும் மலையளவு கோப்புகள் இப்படி உருவாயின.

ஆகவே பாமினிக் கோப்பில் 'தமிழ்' என்று எழுதினால் கணினியின் கணக்கில் அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினி உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. அது தவறு செய்யவில்லை. வேர்டு கூட இந்த விஷயத்தில் ஏமாறும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானே பெரிய எழுத்தாக்கும் வசதி இயங்கினால் சிறிய 'ஜே' பெரிய 'ஜே' ஆகும். பாமினியில் அதன் இடத்தில் இருப்பது 'து'. தமிழ் துமிழ் ஆகிவிடும்.

பாமினியை லினக்ஸிலோ மேக்கிலோ நிறுவினால் கோப்பு உடனே படிக்கும்படி ஆகும். அச்சிட மட்டும் வேண்டுமானால் அது போதும். தேடவும் மின்னஞ்சலில் ஒட்டவும் வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றவேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. மாற்றி செய்வது எண்ணுக்கு எண் வைப்பது மட்டுமல்ல. பாமினியில் 'கெ' என்றால் கொம்பு முதலில், 'க' பிறகு. யூனிகோடில் 'க' முதலில். மாற்றி ஒவ்வொரு கொம்பையும் இடம் மாற்றவேண்டும். இருமொழிக் கோப்புகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்பதைச் சொல்லும் ஒரே தடயம் எழுத்துருவின் பெயர். கோப்பை வெறும் உரையாகச் சேமித்தால் அந்தத் தடயம் போய்விடும். பிறகு மாற்றி ஆங்கில முகவரியையும் தமிழ்க் குப்பையாக்கும்.

பாமினி ஒன்றுதான் என்றால் கூடப் பரவாயில்லை. வானவில், ஸ்ரீலிபி, திஸ்கி, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் என்று எண் ஏற்பாடுகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனி மாற்றுப் பட்டியல் வேண்டும். 2010இல் அதே அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக ஏற்றது. பழைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை.

யூனிகோடுக்கு வந்த பிறகு லிப்ரே ஆபீஸில் ஒரு சின்னக் குழப்பம் எஞ்சும். அது தமிழைச் சிக்கல் எழுத்தமைப்பு என்ற தனி வகையில் வைத்து, அதற்கென வேறு எழுத்துருவும் அளவும் குறித்துக்கொள்கிறது. பாணிகளை மாற்றும்போது ஆங்கிலத்துக்கான பெட்டியில் மட்டும் அளவைக் கூட்டினால் தமிழ் அசையாது. அதற்குரிய பெட்டி பக்கத்திலேயே இருக்கும்.

நம் கருத்து இவ்வளவுதான். படிக்க மட்டும் அனுப்புவதை, எழுத்துருவையும் பக்க அமைப்பையும் தன்னோடு சுமந்து செல்லும் பிடிஎஃப் ஆக அனுப்பலாம். இருவர் சேர்ந்து திருத்தும் ஆவணத்துக்கு ஒரு வடிவத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். பொதுமக்கள் நிரப்பவேண்டிய படிவத்தில் பொறுப்பு அனுப்புபவருடையது; பிரிட்டன் அரசு 2014இல் தன் அலுவலகங்களுக்கு ஓடிஎஃப்பைத் தேர்ந்தது இந்த எண்ணத்தில்தான். பழைய தமிழ்க் கோப்புகளை மாற்றுபவர்கள் மூலக்கோப்பையும் அதன் எழுத்துருவையும் ஒரே அடைவில் விட்டுவைப்பது நல்லது. மாற்றியின் பிழைகள் பல மாதம் கழித்தும் கண்ணில் படும். ஒப்பிட அப்போது மூலம் கையில் இருக்கவேண்டும்.